கேள்வி–பதில்: செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை

என் அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. ‘புற்றுநோய் செல்லின் மேல் முழுக்கச் சர்க்கரைதான், அதுதான் அதை வளர்க்கிறது’ என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். காபிக்குச் சர்க்கரை, சோறு இரண்டையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?
– வாசகி, அல்சூர்

சரியில்லை. இன்றைக்கே அக்காவுக்குச் சோறு போடுங்கள்.

செல்லின் மேல் இருக்கும் சர்க்கரையும் டப்பாவில் இருக்கும் சர்க்கரையும் வேறு வேறு. செல் தன் புரதங்களின் மேல் கேலக்டோஸ், மானோஸ், ஃப்யூகோஸ், சியாலிக் அமிலம் போன்றவற்றைக் கோத்துச் சங்கிலி கட்டுகிறது. உங்கள் உடம்பிலும் எங்கள் உடம்பிலும் எல்லாச் செல்லுக்கும் இந்தப் போர்வை உண்டு. ஏ, பி, ஓ ரத்தப் பிரிவு என்பதே சிவப்பணுவின் மேல் இருக்கும் சர்க்கரையின் வித்தியாசம்தான். இனிப்பை நிறுத்தியதால் யாருக்காவது ரத்தப் பிரிவு மாறியிருக்கிறதா? சங்கிலிக்கு வேண்டிய சரக்கைச் செல் குளுக்கோஸிலிருந்து தானே செய்துகொள்ளும். நீங்கள் சாப்பாட்டை நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். எடைதான் குறையும், அடுத்த கீமோவைத் தாங்கும் தெம்பும் போய்விடும்.

அக்காவுக்கு நீரிழிவு இருந்தால் மட்டும் ஒரு விஷயம். பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றும் முன் கொடுக்கும் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஓரிரு நாள் ஏற்றிவிடும். அந்த நாட்களில் வீட்டு குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தச் சர்க்கரைப் போர்வை செல்லுக்குள் போகும் சிக்னலை மாற்றுகிறது என்கிறார்களே, வெளியே இருப்பது உள்ளே எப்படிப் பேசும்?
– வாசகர், மல்லேஸ்வரம்

சிக்னலை உள்ளே அனுப்பும் ஏற்பிகளே சர்க்கரை சுமந்த புரதங்கள்தான். இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியைப் பாருங்கள். வெறும் புரதமாக அதன் எடை சுமார் 130 கிலோடால்டன். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் 170-ல் நிற்கும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளுடையது.

இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உள்வாலில் பாஸ்பேட் ஏறும். ‘பிரி, பிழைத்திரு’ என்ற உத்தரவு கிளம்பும். பிறகு செல் அந்த ஏற்பியை விழுங்கி ஒன்று செல்லின் குப்பைக்கூடமான லைசோசோமுக்கு அனுப்பி உடைக்கும், இல்லாவிட்டால் மறுபடி மேலே கொண்டுவந்து வைக்கும். சிக்னல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது இந்தக் கடைசித் திருப்பத்தில்தான் இருக்கிறது. சர்க்கரை கைவைப்பதும் முக்கியமாக இங்கேதான்.

செல்லுக்குள் புரதங்களுக்குச் சர்க்கரை கோக்கும் கோல்கி என்ற பகுதியில் எஸ்.டி.6கேல்-1 என்று ஒரு நொதி இருக்கிறது. சங்கிலி நுனியிலுள்ள கேலக்டோஸின் ஆறாவது கார்பனில் ஒரு சியாலிக் அமிலத்தை மாட்டுவது அதன் வேலை. ஆல்ஃபா-2,6 இணைப்பு என்பது இதுதான். எதிர்மின்னூட்டம் உள்ள ஒரே ஒரு மூலக்கூறு, அவ்வளவுதான். சினைப்பைப் புற்றுநோயில் இந்த நொதி கூடுதலாகக் காணப்படுகிறது. அமெரிக்காவில் பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் சூசன் பெல்லிஸ் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. இந்த நொதி கூடிய செல்களில் இ.ஜி.எஃப்.ஆர். அதிகமாகத் தூண்டப்படுவதையும், அதை அடக்கும் ஜெஃபிட்டினிப் மருந்துக்குச் செல் எளிதில் சாகாததையும் 2018-ல் வெளியிட்டார்கள். ஏற்பிகள் கூடுதலாக ஜோடி சேர்வதும், உடைபடாமல் மேலே திரும்பி வருவதும் பின்னர் தெரியவந்தது.

சாவுச் சிக்னலிலும் இதே கதைதான். டி.என்.எஃப்.ஆர்.1 ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டால்தான் ‘செத்துப்போ’ என்ற உத்தரவு போகும். மேலேயே நின்றால் ‘பிழைத்திரு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நுனியில் ஆல்ஃபா-2,6 சியாலிக் அமிலம் ஏறிய ஏற்பி உள்ளே போவதில்லை. அதே அமிலம் கேலக்டோஸை மூடிவிடுவதால், அங்கே வந்து ஒட்ட வேண்டிய கேலக்டின் புரதங்களுக்கும் பிடி கிடைப்பதில்லை.

எல்லாப் புற்றுநோய்க்கும் இதுவே விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நுரையீரல் புற்றுநோய் செல்களில் சியாலிக் அமிலமும் ஃப்யூகோஸும் இ.ஜி.எஃப்.ஆர். ஜோடி சேர்வதைக் குறைக்கின்றன என்று 2011-ல் ஒரு ஆய்வு காட்டியது. எந்தச் செல், எந்தச் சங்கிலி என்று பார்க்காமல் ‘சியாலிக் அமிலம் கெட்டது’ என்று எழுதுவது தவறு.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எஸ்.கே.ஓ.வி.3 என்ற சினைப்பைப் புற்றுநோய் செல்லில், சர்க்கரையைப் பிடிக்கும் எஸ்.என்.ஏ. லெக்டின் புரதத்தைப் போட்டு, செல்களின் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்த்தேன். சியாலிக் அமிலத்தை வெட்டும் சியாலிடேஸ் நொதி போட்ட செல்லும் போடாத செல்லும் ஒரே மாதிரி வருகின்றன. இ.ஜி.எஃப். கொடுத்து 5 நிமிடத்தில் ஏற்பியில் பாஸ்பேட் ஏறியதா என்று பார்க்க ப்ளாட் (ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் சோதனை) ஓட்டினேன், அதிலும் வித்தியாசம் இல்லை. தப்பு எங்கே?
– மாணவி, எலஹங்கா

முதலில் பஃபரைப் பாருங்கள். ஃப்ளோ பஃபரில் 2 சதவீத சீரம் சேர்ப்பது பல லேபுகளில் இருக்கும் பழக்கம். ஆன்டிபாடிக்கு அது நல்லது, லெக்டினுக்குக் கேடு. சீரத்தில் இருக்கும் ஃபெட்யூயின் போன்ற புரதங்கள் முழுக்கச் சியாலிக் அமிலம் சுமந்தவை. லெக்டின் செல்லைத் தொடும் முன்பே அவற்றில் ஒட்டித் தீர்ந்துவிடும். சீரத்தை விட்டுவிட்டு 1 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு அல்புமின்) கலந்த பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள்.

அடுத்தது சியாலிடேஸ். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஆல்ஃபா-2,3 இணைப்பை மட்டும் வெட்டும் நொதியாக இருந்தால் எஸ்.என்.ஏ. சிக்னல் குறையவே குறையாது, ஏனென்றால் எஸ்.என்.ஏ. பிடிப்பது 2,6-ஐ. ஆர்த்ரோபாக்டர் யூரியாஃபேசியன்ஸ் நொதி இரண்டையும் வெட்டும். விப்ரியோ காலரே நொதி என்றால் அதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கொண்டு செல்லைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் இதைப் போட்டால் வேலை செய்யாது. பி.பி.எஸ்.-லும் போடாதீர்கள், பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

செல்லை எடுக்க டிரிப்சின் வேண்டாம். மேற்பரப்புப் புரதத்தை அதுவே வெட்டிவிடும். 2 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. போட்டுப் பொறுமையாகத் தட்டி எடுங்கள். 2 முதல் 5 லட்சம் செல், மில்லிக்கு 5 மைக்ரோகிராம் லெக்டின், பனிக்கட்டியில் 30 நிமிடம், இருட்டில். பனிக்கட்டி எதற்கென்றால், அறை வெப்பத்தில் செல் லெக்டினை விழுங்கிவிடும். செல்கள் கொத்துக்கொத்தாக ஒட்டினால் லெக்டின் அதிகம் என்று அர்த்தம். அளவைப் பாதியாக்கி 40 மைக்ரான் சல்லடையில் வடிகட்டுங்கள். செத்த செல் லெக்டினை உள்ளேயும் வாங்கிக்கொண்டு பொய்யாக ஒளிரும். ப்ரோப்பிடியம் அயோடைடு போட்டு அதை ஒதுக்கிவிடுங்கள்.

சியாலிடேஸ் வேலை செய்ததா என்று உறுதி செய்ய நிலக்கடலை லெக்டினையும் ஒரு குழாயில் போடுங்கள். சியாலிக் அமிலம் மூடியிருந்தால் அது ஒட்டாது, மூடி போனதும் ஒட்டும். எஸ்.என்.ஏ. இறங்க வேண்டும், நிலக்கடலை ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் நொதியைச் சந்தேகப்பட வேண்டாம். பெங்களூரு பசவனகுடியின் கடலைத் திருவிழாவான கடலெக்காய் பரிசெயில் குவியும் அதே கடலைதான். அதன் லெக்டினின் படிக அமைப்பை 1994-லும், பலாக்கொட்டையின் ஜாக்கலினுடையதை 1996-லும் வெளியிட்டது உங்கள் ஊர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.விஜயன், ஏ.சுரோலியா குழு. அந்தக் கட்டுரைகளைப் படித்தால் எந்த லெக்டின் எதை, ஏன் பிடிக்கிறது என்பது பிடிபடும்.

இனி ப்ளாட். 5 நிமிடத்தில் எல்லா ஏற்பியும் எரிந்துகொண்டிருக்கும், அங்கே வித்தியாசம் தெரியாது. 0, 5, 15, 30, 60, 120 நிமிடம் என்று எடுங்கள். ஏற்பி உடைகிறதா, திரும்பி வருகிறதா என்பது பின்பகுதியில்தான் பிரியும். மில்லிக்கு 100 நானோகிராம் இ.ஜி.எஃப். கொடுத்திருந்தால் 5 அல்லது 10 நானோகிராமில் ஒரு தொகுதி சேர்த்து ஓட்டுங்கள். முதல் நாள் இரவே சீரத்தை நீக்கிவிடுங்கள். சியாலிடேஸ் போட்ட ஓரிரு மணி நேரத்துக்குள் தூண்டலைத் தொடங்க வேண்டும், தாமதித்தால் செல் புதுப் புரதங்களைச் சியாலிக் அமிலத்தோடு மேலே அனுப்பிவிடும். ப்ளாட்டில் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மறைக்கப் பால் பவுடர் வேண்டாம், 5 சதவீத பி.எஸ்.ஏ. போடுங்கள். பாலின் கேசீனில் பாஸ்பேட் உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். சியாலிடேஸ் எல்லாப் புரதத்தையும் மொட்டையடிக்கிறது. மாற்றம் இ.ஜி.எஃப்.ஆர்.-ஆல்தான் வந்தது என்று எழுத வேண்டுமானால், எஸ்.என்.ஏ. அகரோஸ் மணியில் 500 மைக்ரோகிராம் லைசேட்டை (உடைத்த செல்லின் கரைசலை) 4 டிகிரியில் இரவு முழுக்கச் சுழற்றி, இழுத்து வந்ததில் இ.ஜி.எஃப்.ஆர். ப்ளாட் ஓட்டிக் காட்டுங்கள். டுனிகாமைசின் போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது என்-சங்கிலி என்ற வகைச் சர்க்கரைச் சங்கிலி முழுவதையும் நிறுத்தி, புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலையைத் திணறடிக்கும். பிறகு பார்க்கும் மாற்றம் சர்க்கரையாலா, திணறலாலா என்று பிரிக்க முடியாது.

சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ.125 ரத்த டெஸ்ட் 48 வந்திருக்கிறது, 35-க்குள் இருக்க வேண்டுமாமே. பயமாக இருக்கிறது.
– வாசகி, ஜாலஹள்ளி

சி.ஏ.125 என்பது எம்.யு.சி.16 என்ற, சர்க்கரை மிகுதியாகச் சுமந்த பெரிய மியூசின் புரதத்தின் துண்டு. மாதவிலக்கு, எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, கர்ப்பத்தின் முதல் மாதங்கள் எல்லாவற்றிலும் ஏறும். நம் நாட்டில் முக்கியமாக வயிற்றுக் காசநோயிலும் ஏறும், அதில் பல நூறுகூட வரும். ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் பாதிப் பேருக்கு ஏறாமலும் இருக்கும். 48-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

விலக்கு முடிந்து ஒரு வாரம் கழித்து, அதே லேபில், அதே மெஷினில் மறுபடி எடுங்கள். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் லேபில் சொல்லுங்கள், சில மெஷின்களில் அது அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். வயிறு உப்பல், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர், இவற்றில் ஏதாவது மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் இரண்டாம் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் போய் டிரான்ஸ்வஜைனல் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.