குழிநரி ஏன் குழி தோண்டவில்லை?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், தொழுவத்து மணலிலிருந்து மூன்று குழிநரிகளை (மணலில் குழி தோண்டி எறும்பு பிடிக்கும் பூச்சிப் புழுக்கள்) பிடித்துவந்து ஒரே டப்பாவில் விட்டான். ஒன்றுகூட குழி தோண்டவில்லை. இப்போது இரண்டுதான் இருக்கின்றன. அதிலும் ஒன்று அசையவே இல்லை. செத்துவிட்டதா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: மூன்றாவதை மற்ற இரண்டில் ஒன்று உறிஞ்சிக் குடித்திருக்கும். பக்கத்தில் வந்தது எறும்பா, தன் இனமா என்றெல்லாம் இவை பார்ப்பதில்லை. முதலில் ஆளுக்கொரு டப்பா கொடுங்கள்.

அசையாமல் கிடப்பதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தொட்டதும் செத்ததுபோல் நடிப்பது இவற்றின் வழக்கம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழிநரி 61 நிமிடம் அப்படியே கிடந்ததை 2021-ல் பதிவு செய்தார்கள்.

அப்புறம் மணல். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் குழி நிற்காது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்து, நாலு விரல் உயரத்துக்குக் கொட்டுங்கள். சரி, எல்லாம் செய்தும் தோண்டவில்லையா? வயிறு நிறைந்திருக்கலாம், அல்லது கூட்டுப்புழு ஆகும் நேரம் நெருங்கியிருக்கலாம். மணலில் விட்டதும் எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பாருங்கள். குழி தோண்டுபவை பின்பக்கமாகத்தான் போகும். முன்னால் நடந்தால் அது வேறு வகை. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை குழியே தோண்டாதவை.

குழி வந்ததும் எறும்பைப் போட அவசரப்பட வேண்டாம். துடைப்பக் குச்சியின் நுனியால் விளிம்பில் நாலைந்து மணலை மட்டும் சரித்துவிடுங்கள். தட்டைத் தலையால் சட்டென்று மணலை வாரி வீசும். மணல் சரியும் அதிர்வை உடம்பு மயிரால் உணர்ந்து செய்யும் வேலை இது. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால், வீச்சில் சுவரும் சேர்ந்து இடிந்து இரையைக் கீழே இழுத்துவருவது தெரியும்.

பையனுக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள். சலித்த மணலில் கொஞ்சம் பெருமணலைக் கலந்து தோண்ட விடுங்கள். சுழன்று சுழன்று தோண்டும்போது பெரிய மணல்களை வெளியே எறிந்துவிடும். சுவரில் நைஸ் மணல்தான் மிஞ்சும். எறும்பின் கால் வழுக்குவது அதில்தான். ஃபார்மலின் பாட்டிலில் கிடக்கும் தவளையைக் காட்டி விலங்கியல் நடத்தியவன் நான். இந்த ஐஸ்கிரீம் டப்பா அதைவிட நூறு மடங்கு மேல்.

கேள்வி: குழிநரி கழிவே வெளியேற்றாது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், பழனி

பதில்: புழுவாக இருக்கும்வரை உண்மைதான். நடுக்குடலுக்கு அப்பால் வழி மூடியிருக்கும். ஒரு வருடமோ, இரை குறைந்தால் இரண்டு மூன்று வருடமோ, அத்தனை கழிவையும் உள்ளேயே வைத்திருந்து, சிறகு முளைத்த பிறகுதான் போடும். மணலுக்குள் உருண்டையான கூடு கட்டிவிட்டால் டப்பாவில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். வெளியே வரும் பூச்சிக்குச் சிறகு விரிக்க ஏறி நிற்க இடம் வேண்டும்.