வாசகர் கேட்டவை: சென்னை தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையம்

கேள்வி: வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை மூன்றும் பூமிக்கடியில் இருக்கின்றன. புது வண்ணாரப்பேட்டையில் மட்டும் ரயில் ஏன் தூண்மேல் ஏறிவிடுகிறது?
– கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தம்பி, தீபாவளி நேரத்தில் நம் கடைத்தெருவான எம்.சி. ரோட்டுக்குள் போயிருப்பீர்களே? அந்த நெரிசலுக்கு நடுவே தூண் நட எங்கே இடம்? மண்ணடியிலும் அதே கதைதான். சுரங்கம் என்றால் மேம்பாலப் பாதையைவிடப் பல மடங்கு செலவு; அதனால்தான் தூண் நட இடம் கிடைக்கும் பக்கம் ரயில் மேலே ஏறிவிடுகிறது. ஆனாலும் நெரிசலான இடத்தில் சுரங்கம்தான் நியாயம் என்பேன். ரயிலுக்காக எங்கள் கடைத்தெருக்களை இடித்திருந்தால் பிறகு அந்த ரயில் யாருக்கு?

வேலையும் லேசானது இல்லை. நம் பக்கம் கடலோர மண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதனால் நிலையத்தின் நான்கு பக்கமும் முதலில் ஆழமாகக் கான்கிரீட் சுவர் இறக்கி, அப்புறம்தான் உள்ளே மண்ணை அள்ளுவார்கள். நிலையங்களுக்கு நடுவே ராட்சத இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டே போகும். அதன் பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டு வருவார்கள். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு குழாய்கள். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை ரயில் வந்தது. அங்கிருந்து விம்கோ நகர் வரையிலான ஒன்பது கிலோமீட்டர் 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது.

கேள்வி: தியாகராயர் என்றால் தி.நகர்தானே? நம் பக்கம் நிலையத்துக்கு ஏன் அவர் பெயர்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நிலையத்தின் பெயர் பக்கத்தில் இருக்கும் கல்லூரியால் வந்தது. கல்லூரிக்குப் பெயர் தந்தவர் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சர் பிட்டி தியாகராயர். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஏற்பாடு செய்தவர். பிற்காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய திட்டத்துக்கு அதுதான் முன்னோடி. நிலையத்துக்குள்ளே இதை நாலு வரி எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆயிரம் விளக்கும் இதே நீல வழித்தடத்தில்தான் இருக்கிறது!

கேள்வி: கீழே இறங்குவதற்கு முன்னால் வாசலில் படி ஏறச் சொல்கிறார்களே, முழங்கால் வலிக்கிறது.
– மூத்த வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: மழைக்காகத்தான் அம்மா. தெருவில் தேங்கும் தண்ணீர் உள்ளே பாயாமல் இருக்க வாசலை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் படியில் ஏற வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று வாசலில் நிற்கும் காவலாளியைக் கேளுங்கள். கீழே நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவு இருப்பதால் தண்டவாளத்தில் விழுந்துவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். ரயில் வந்து நின்ற பிறகுதான் அது திறக்கும்.