விமானம் போச்சு, சம்பள பாக்கி வருமா?

கேள்வி: மதுரை விமான நிலையத்தில் ஒரு சிறிய விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்ட்டரில் ஆறு வருடம் நிரந்தரப் பணியில் இருந்தேன். இப்போது விமானங்கள் பறப்பதில்லை. ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், எட்டு மாதமாகக் கணக்கில் வரவு இல்லை. திவால் மனு ஏற்கப்பட்டுவிட்டதாம். விமானங்களை விற்றாவது எங்களுக்குத் தருவார்களா?
- வாசகி, மதுரை

பதில்: விமானங்களை நம்பாதீர்கள். சிறு நிறுவனங்கள் ஓட்டுவது பெரும்பாலும் குத்தகை விமானங்கள்தான். வாடகை நின்றால் உரிமையாளர் மீட்டுக்கொண்டு போய்விடுவார். 2005-ல் எம்ப்ராயர் விமானங்களோடு கம்பீரமாகக் கிளம்பிய பாரமவுண்ட் ஏர்வேஸ், குத்தகைத் தகராறில் சிக்கி 2010-ல் நின்றுபோனது உங்கள் ஊரில் பலருக்கு நினைவிருக்கும். திவால் வழக்கு நடக்கும்போது விமானத்தை எடுக்கக்கூடாது என்று வாதாட முன்பு இடமிருந்தது. திவாலான கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனத்தின் விவகாரத்துக்கு நடுவே, 2023 அக்டோபரில், மத்திய அரசு அந்தக் கதவையும் சாத்திவிட்டது.

திவால் மனு ஏற்கப்பட்டதும் நிறுவனத்தைக் கவனிக்க நியமிக்கப்படும் தீர்வு நிபுணரிடம் 'படிவம் டி'யில் உங்கள் பாக்கியைக் கோருங்கள். கட்டணம் கிடையாது, கெடு உண்டு. நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரத்தை இணையுங்கள். கடைசியாகச் சம்பளம் ஏறிய வரியைப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். 'ஹெச்.ஆர். பார்த்துக்கொள்வார்' என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவரும் இதே படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருப்பார். திவால் நடவடிக்கை நடக்கும்வரை சட்டத் தடை இருப்பதால், இப்போதைக்கு நிறுவனத்தின் மேல் தனி வழக்குப் போட முடியாது.

நிறுவனம் கலைப்புக்குப் போனால், அதாவது சொத்துகளை விற்றுப் பங்குபோட்டு மூடப்பட்டால், தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு முந்தைய 24 மாத பாக்கி, அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதம்தான், அடுத்த வரிசையில். 'எக்ஸிகியூட்டிவ்' என்ற பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். உங்கள் அன்றாட வேலையை நாலு வரியில் எழுதி இணையுங்கள்.

பி.எஃப்., கிராஜுவிட்டி கதை வேறு. கலைப்பில் பங்குபோடும் சொத்தில் அவை சேராது. ஜெட் ஏர்வேஸ் வழக்கில் இரண்டையும் முழுசாகத் தரவேண்டும் என்று 2022-ல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது; 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு. படிவத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். பி.எஃப். அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டது நம்பிக்கை மோசடி. திவால் தடை நிறுவனத்தைத்தான் காக்கும், பொறுப்பிலிருந்த இயக்குநர்களை அல்ல.