பூட்டிய கதவு: 1911 நியூயார்க் தீயும் அதன் பிறகு வந்த சட்டங்களும் (கேள்வி பதில்)

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த சீர்திருத்தங்கள் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே சம்பவத்தைச் சுற்றித்தான்: 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, நியூயார்க்கில் பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் டிரையாங்கிள் ஷர்ட்வெயிஸ்ட் கம்பெனியில் 146 பேரைக் கொன்ற தீ. சரி, அதையே பேசுவோம்.

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு கட்டிங் மாஸ்டர்): ஐயா, துணி சீக்கிரம் பற்றும், தெரியும். ஆனால் அரைமணி நேரத்துக்குள் இத்தனை பேரா?

பதில்: அங்கே எட்டாவது மாடியில்தான் கட்டிங் மேஜைகள். மேஜைக்கு அடியில் வெட்டுத்துணி போடும் பெட்டிகள். வேஸ்ட் எடுக்கும் வியாபாரி கடைசியாக வந்தது ஜனவரியில். அப்படியானால் இரண்டு மாதத்துப் பருத்தித் துண்டுகள் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அணையாத சிகரெட்டோ தீக்குச்சியோ அதில் விழுந்திருக்கலாம் என்பதுதான் அன்றைய கணிப்பு.

எட்டாவது மாடிக்காரர்கள் பெரும்பாலும் ஓடிவிட்டார்கள். பத்தாவதில் முதலாளிகளின் அலுவலகம். அங்கே போனில் தகவல் போனதால் கூரை வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தப்பினார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு படிக்கட்டைத் தீ மறித்தது. இன்னொன்றின் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு விழுந்தது. லிப்ட் ஓட்டியவர்கள் முடிந்தவரை மேலும் கீழும் போய் நிறையப் பேரை இறக்கினார்கள். தீயணைப்பு ஏணியோ ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. மிச்சப் பேருக்கு ஜன்னல்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் குடியேறி வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள்.

கேள்வி: வேலை நேரத்தில் கதவை ஏன் பூட்ட வேண்டும்?

பதில்: திருட்டுப் பயம். எல்லோரும் ஒரே வாசல் வழியாகக் கைப்பையைத் திறந்துகாட்டிவிட்டுப் போக வேண்டும். அப்படி எவ்வளவு திருட்டுப் போனது என்று நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்தபோது, மொத்தம் 25 டாலர்கூடத் தேறாது என்று முதலாளி ஐசக் ஹாரிஸே ஒப்புக்கொண்டார்.

கேள்வி: தண்டனை கிடைத்ததா? நஷ்டஈடு?

பதில்: ஹாரிஸும் பங்குதாரர் மேக்ஸ் பிளாங்கும் 1911 டிசம்பரில் விடுதலை. அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும் என நீதிபதி ஜூரியிடம் சொல்லிவிட்டார். சிவில் வழக்கு 1914-இல் முடிந்தது: ஓர் உயிருக்கு 75 டாலர். முதலாளிகளுக்கு இன்சூரன்ஸ் வழியாக நஷ்டத்துக்கும் மேலேயே பணம் வந்தது. 1913-இல் பிளாங்க் மறுபடியும் கதவைப் பூட்டி மாட்டினார். அபராதம் 20 டாலர். படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்த இடம் இதுதான்.

இன்னொன்று. வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை, அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. என்றைக்குத் தெரியுமா? மார்ச் 24. தீப்பிடிக்க ஒரு நாள் முன்பு.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி): சார், "தீவிபத்தால் மக்கள் மனம் இளகி, சட்டங்கள் வந்தன" என்று எழுதினால் போதுமா?

பதில்: மதிப்பெண்ணுக்குப் போதும் அம்மா. எனக்குப் போதாது. அதற்கு முன்பும் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். மனம் இளகிய சுவடே அடுத்த மாதம் இருக்காது. இங்கே மட்டும் ஏன் வேறு மாதிரி?

முதல் காரணம், இந்தப் பெண்களை ஊருக்கு ஏற்கெனவே தெரியும். 1909 நவம்பரில் கூப்பர் யூனியன் அரங்கில் பெரிய தலைவர்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல் தொழிலாளி மேடையேறி, பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் முன்மொழிந்தார். இருபதாயிரம் பேருக்கு மேல் தெருவில் இறங்கினார்கள். சிறு கம்பெனிகள் பல சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவே இல்லை. ஆகவே தீப்பிடித்தபோது அது எந்தக் கம்பெனி என்று ஊருக்கே தெரியும்.

இரண்டாவது காரணம் அவ்வளவு அழகானது இல்லை: ஓட்டு. நகர அரசியல் டமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் கையில் இருந்தது. ஊழலுக்குப் பேர்போன இடம். குடியேறிகளின் ஓட்டு சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடுமோ என்று அதன் தலைவர் சார்லஸ் மர்ஃபிக்குக் கவலை. அவருடைய ஆட்களான ராபர்ட் வாக்னரும் அல் ஸ்மித்தும்தான், தீக்குப் பிறகு மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை நடத்தினார்கள். சட்டமன்றத்தில் அவர்கள் சொன்னால் நடக்கும். நல்லவர்கள் எழுதிய அறிக்கைகள் எத்தனையோ அலமாரியில் தூங்கின, இது தூங்கவில்லை.

மூன்றாவது, பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற சமூக சேவகி. தீப்பிடித்தபோது பக்கத்துத் தோழி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், ஓடிவந்து கண்ணால் பார்த்தார். பிறகு ஆணையத்துக்காக வேலை செய்தார். அறிக்கை கொடுத்துவிட்டு உட்காரவில்லை. உறுப்பினர்களை நேரில் இழுத்துக்கொண்டு போனார். இரவு முழுக்கக் கயிற்று ஆலையில் நின்றுவிட்டு விடியற்காலையில் வெளியே வரும் பெண்களை ஸ்மித் நேரில் பார்க்கும்படி செய்தார். தீப்பிடித்தால் தப்பும் வழி என்று ஓர் ஆலையில் சுவரில் ஒரு பொந்தைக் காட்ட, வாக்னரை அதற்குள் நுழைந்து போகச் சொன்னார். வெளியே பனி உறைந்த ஏணி, அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிகிறது! 1913-க்குள் தீயணைப்புப் பயிற்சி, தானியங்கி நீர்த்தெளிப்பான், வேலை நேரத்தில் கதவு பூட்டக் கூடாது என்று அடுக்கடுக்காகச் சட்டங்கள். 1933-இல் பெர்கின்ஸ் நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண் அவர்தான். 1935-இல் வந்த தொழிற்சங்க உரிமைச் சட்டத்துக்கு இதே வாக்னரின் பெயர்தான்.

கேள்வி (சட்ட மாணவர்): அதே காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேலைநேர வரம்பை ரத்து செய்ததே?

பதில்: லாக்னர் வழக்கு, 1905. ரொட்டி சுடுபவருக்கு நாளைக்கு 10 மணி நேரம் என்ற நியூயார்க் வரம்பு ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று 5-க்கு 4 தீர்ப்பு. மூன்றே வருடத்தில், 1908-இல், ஒரிகன் மாநிலத்தில் பெண்களுக்கு வைத்த அதே 10 மணி நேரத்தை ஏற்றார்கள், பெண்கள் உடல் பலவீனமானவர்கள் என்று காரணம் சொல்லி. சட்டம் பிழைத்தது, அந்தக் காரணம் பெண்களைப் பல காலம் துரத்தியது.

கேள்வி: அண்ணா, இந்தத் தீயின் நினைவாகத்தான் மார்ச் மாதத்தில் மகளிர் தினம் என்று ஒரு பார்வேர்டு வருகிறதே?

பதில்: தப்பு தம்பி. சர்வதேச மகளிர் தினத்துக்கு 1910-லேயே கோபன்ஹேகனில் முடிவெடுத்தார்கள். முதல் முறை கொண்டாடியது 1911 மார்ச் 19. தீக்கு ஆறு நாள் முன்பு.

கேள்வி: கருப்பின மக்களுக்கு இந்தச் சீர்திருத்தங்களால் என்ன கிடைத்தது?

பதில்: மிகக் குறைவு. சீர்திருத்தவாதி என்று பெயரெடுத்த உட்ரோ வில்சனின் ஆட்சியில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் நிறப்பிரிவினை பரவியது. நான் மேலே புகழ்ந்த வாக்னர் சட்டமும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவில்லை. தெற்கில் அந்த வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் யார்?

கேள்வி: மகன் நியூயார்க்கில் இருக்கிறான். அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. தீத்தாங்கும் கட்டடம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். அதில் பொய்யில்லை, சுவருக்கும் தளத்துக்கும் பெரிய சேதம் இல்லை. வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கம், இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வசம். 2023-இல் சுவரோரம் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். முடிந்தால் மார்ச் 25 அன்று போகச் சொல்லுங்கள். அன்றைக்கு, இறந்தவர்கள் குடியிருந்த வீடுகளின் வாசலில் அவர்களுடைய பெயரையும் வயதையும் நடைபாதையில் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார்கள்.