மறையூரில் விற்கும் புல்தைலம் கிருமியைக் கொல்லுமா?

மூணாறு, மறையூர் பக்கம் வருபவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. எலுமிச்சைப்புல்லை நீராவியில் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்தால் நீரின் மேல் மிதந்து பிரிவதுதான் புல்தைலம். நல்லெண்ணெய் போலக் கொழுப்பு அல்ல. துணியில் விட்டால் பெரும்பாலும் ஆவியாகிவிடும்.

இதில் பல வேதிப்பொருள்கள் கலந்திருந்தாலும் நாயகன் சிட்ரால்தான். நல்ல தைலத்தில் சுமார் 70 முதல் 80 சதவீதம் அதுவே. எலுமிச்சை வாசனையும் அதனுடையதே. புல் இதைத் தயாரிப்பது நமக்காக அல்ல, பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க.

சரி, எப்படிக் கொல்கிறது? கையில் ஒட்டிய பலாப்பால் தண்ணீரில் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் இளகிவிடும். கிருமியின் மேலுறையிலும் கொழுப்பு இருக்கிறது. சிட்ரால் அதற்குள் புகுந்து இளக்க, உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகிறது. பூஞ்சைகளிடம் இது நன்றாகவே வேலை செய்கிறது. சில பாக்டீரியாக்கள் அசைந்து கொடுப்பதில்லை. அப்புறம், புல்லின் ரகம், அறுக்கும் பருவம், காய்ச்சும் நேரம் மாறினால் தைலமும் மாறும். மலிவான புட்டிகளில் கலப்படமும் உண்டு.

ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி செத்ததால், தைலத்தைக் குடித்தால் நோய் தீரும் என்பது தவறு. நீர்க்காமல் பூசினாலே சிலருக்குத் தோல் எரிந்து தடிக்கும்.