எட்டாவது பெயர்

கேள்வி: எபிரேயத் தீர்க்கதரிசிகள் சொல்லும் நியாயத்தீர்ப்பு, தன் ஜனத்துக்குப் பரிந்துகொண்டு அயலாரை அழிக்கும் கடவுளின் கோபம்தானே? இதில் நீதி எங்கே இருக்கிறது?

பதில்: பைபிளின் பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகத்தை முதல் அதிகாரத்தோடு மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. அதுவரை கேட்டவர்களும் உங்களைப் போலத்தான் நினைத்திருப்பார்கள். நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள், அவர்கள் தலையாட்டியிருப்பார்கள்.

கி.மு. 760 வாக்கில், வடநாடான இஸ்ரவேலில் இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சி. நல்ல செழிப்பு. தெற்கே யூதாவின் தெக்கோவாவிலிருந்து வந்தவர் ஆமோஸ். ஆடுமாடும் காட்டத்திப்பழமும்தான் பிழைப்பு. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றிலும் உள்ள ஆறு பேரைக் கூண்டில் ஏற்றுகிறார். எல்லாருக்கும் ஒரே பல்லவி: ‘மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்’. ஆனால் குற்றம் ஆளுக்கு ஆள் வேறு. தமஸ்கு, யோர்தானுக்குக் கிழக்கே இருந்த இஸ்ரவேல் பகுதியான கீலேயாத்தை, கதிரைப் போல இரும்புக் கருவியால் போரடித்தது. காசா சிறைபிடித்தவர்களை ஒருவர் விடாமல் ஏதோமுக்கு விற்றது. மோவாபின் குற்றத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டது. மோவாபும் அயல், ஏதோமும் அயல். இஸ்ரவேலுக்கு இதில் காலணா நஷ்டமில்லை. பரிந்துகொண்டு வரும் கடவுளுக்கு இந்த வழக்கு எதற்கு?

ஏழாவது யூதா. ஏழோடு கணக்கு முடிந்தது என்று இருக்கும்போது எட்டாவதாக வருகிறது இஸ்ரவேல். நீளமான குற்றப்பத்திரிகையும் அதற்குத்தான். எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கு விற்கிறார்கள். அடகு வாங்கிய வஸ்திரத்தைப் பலிபீடத்தருகே விரித்துப் படுக்கிறார்கள். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு அது ஒன்றுதான் என்பது பைபிளின் யாத்திராகமம் 22-ம் அதிகாரச் சட்டம். அந்தச் சட்டத்தை எப்படி மதித்தார்கள்? 1960-ல் இன்றைய இஸ்ரேலின் யாவ்னே நகருக்கு அருகே, கடலோரக் கோட்டை ஒன்றில் எழுத்துள்ள ஓட்டுச்சில்லு கிடைத்தது. ஆமோஸுக்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியது. ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது: என் பங்கை அறுத்து முடித்தேன், ஆனாலும் என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான், என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், திருப்பி வாங்கித் தாருங்கள்.

தீர்க்கதரிசிகளைப் படிக்கும்போது ‘ஆகையால்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பெரும்பாலும் அதற்கு முன்னால் இருப்பது குற்றம், பின்னால் வருவது தண்டனை. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் படித்தால் வெறும் கோபமாகத்தான் தெரியும். ஆறாம் அதிகாரத்தில், தந்தக் கட்டிலில் படுத்து முதல்தர எண்ணெய் பூசிக்கொண்டவர்கள், ‘ஆகையால்’, சிறைப்பட்டுப் போகிறவர்களில் முதல் வரிசையில் போவார்கள். ‘முதல்’ என்ற ஒரே வேர்ச்சொல்லை எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் வைத்துக் குத்துகிறார். தந்தக் கட்டில் வெறும் அலங்காரப் பேச்சும் அல்ல. வடநாட்டின் தலைநகரான சமாரியாவைத் தோண்டியபோது தந்தச் செதுக்கல்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. அந்த நகரம் கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது.

நாகூம், ஒபதியா என்ற வேறு இரண்டு தீர்க்கதரிசிகளை மட்டும் வைத்துக் கேட்டிருந்தால் உங்கள் கேள்விக்கு பலம் உண்டு. அங்கே குறி அயலார்தான். ஆமோஸ் 3:2 நேர் எதிர்: உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களைத் தண்டிப்பேன். சலுகை கேட்கக் காட்டும் உறவே இங்கே குற்றத்தின் எடையைக் கூட்டுகிறது.

இது யார் மேல் விழுந்த தீர்ப்பு என்பது வடநாட்டுக் கோயில் இருந்த பெத்தேலின் ஆசாரியன் அமத்சியாவுக்கு நன்றாகவே புரிந்தது. ராஜாவுக்கு ஆள் அனுப்பினான். ஆமோஸிடம், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள், இது ராஜாவின் கோயில் என்றான்.