1968 மஸ்டாங்கின் சி6 கியர்பாக்ஸுக்கு எந்த எண்ணெய் சரியானது?

390 கன அங்குல எஞ்சினும் சி6 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்ட 1968 ஃபோர்டு மஸ்டாங்கை வாங்கியிருக்கிறீர்கள். பழைய கையேடு டைப் எஃப் எண்ணெய் என்கிறது, கடைக்காரரோ ஜெனரல் மோட்டார்ஸ் வகை எண்ணெயான டெக்ஸ்ரான் ஊற்றினால் போதும் என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. இதே ஆண்டு, இதே எஞ்சின் கொண்ட வண்டியை நானே பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பெட்டிக்குள் அந்தக் காலத்துக் கிளட்ச் தட்டுகளே இருந்தால் டைப் எஃப் ஊற்றுங்கள். பிற்காலத்தில் பிரித்துக் கட்டப்பட்ட பெட்டி என்றால், எந்த வகைத் தட்டுகளைப் போட்டார் என்று கட்டியவரிடம் கேட்டு, அவர் சொல்லும் எண்ணெயை ஊற்றுங்கள்.

எஞ்சின் எண்ணெய்க்கு வழுவழுப்புதான் முதல் வேலை. ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய் அதோடு நிற்பதில்லை. வால்வுகளுக்கு அழுத்தம் கொடுப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும், தட்டுகள் ஒன்றையொன்று எவ்வளவு வேகமாகப் பற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதே எண்ணெய்தான். டெக்ஸ்ரான் வகையில் உராய்வைத் தணிக்கும் சேர்மானங்கள் உண்டு. வழுக்கிக்கொண்டிருக்கும் தட்டுகள் ஒரே வேகத்துக்கு வந்து சேரும் கடைசிக் கணத்தில் அவை பிடியைச் சற்றே தளர்த்துவதால், கியர் மாறுவதே தெரியாத அளவுக்கு மென்மை கிடைக்கிறது. டைப் எஃப் எண்ணெயில் அந்தச் சேர்மானங்கள் கிடையாது. தட்டுகளின் வேகம் நெருங்க நெருங்கப் பிடி இறுகிக்கொண்டே போய், கடைசியில் 'டக்' என்று பற்றிக்கொள்ளும். 1960களின் சி6 பெட்டியில் தட்டுகளின் பொருளையும் எண்ணிக்கையையும் அந்தப் பிடியைக் கணக்கில் வைத்துத்தான் அமைத்தார்கள். அதில் மென்மையான எண்ணெயை ஊற்றினால் உடனே எதுவும் உடைந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் தட்டுகள் கொஞ்சம் கூடுதலாக வழுக்கும், வழுக்கல் சூடாகும், அந்தச் சூடு தட்டையும் எண்ணெயையும் சேர்த்தே கருக்கும். 325 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கு இது சிறிய விஷயமே அல்ல.

என் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். வாங்கிய புதிதில், மிதித்து ஓட்டும்போது இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகையில் எஞ்சின் ஒரு கணம் உறுமி எழும்பிய பிறகே இழுக்கும். பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான அடிப்பானைக் கழற்றியபோது எண்ணெய் செங்கல் நிறத்துக்கு மங்கியிருந்தது, மோந்து பார்த்தால் தீய்ந்த வாடை, பானின் அடியில் விரலில் ஒட்டும் கரிய மாவு. முன்பு பராமரித்த பணிமனை ஊற்றியிருந்தது எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் எண்ணெய் என்பது பழைய ரசீதில் தெரிந்தது. தட்டுகளை மாற்றி, டைப் எஃப் ஊற்றிய பிறகு அந்த உறுமல் போய்விட்டது. புதுத் தட்டுகளுக்கும் அதில் பங்குண்டு என்பதால் எண்ணெய்க்கே முழுப் புகழையும் கொடுக்க மாட்டேன்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு எண்ணெயும் சிவப்புதான். வண்டியின் பெயரை மட்டும் வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் 1975இல் போர்க்-வார்னர் பெட்டியோடு வந்தது, 1977இல் ஜெனரல் மோட்டார்ஸின் 400 பெட்டிக்கு மாறியது; ஒரே கார், ஆனால் அந்த 400 பெட்டி கேட்பது டெக்ஸ்ரான். ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய மஸ்டாங்கில் யாராவது பெட்டியையே மாற்றியிருக்கக்கூடும் என்பதால், முதலில் கீழே படுத்து அடிப்பானின் போல்ட்டுகளை எண்ணுங்கள். சி6 என்றால் 17 இருக்கும், ஃபோர்டின் சிறிய பெட்டியான சி4 என்றால் 11.

கடைக்காரர் சொல்லும் டெக்ஸ்ரானிலும் ஒரு சிக்கல் உண்டு. டெக்ஸ்ரான் 3க்கான உரிமங்களை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரை நினைவூட்டும் புட்டிகள் உரிமம் இல்லாமல் வருபவை. அதன் இடத்துக்கு வந்த டெக்ஸ்ரான் 6 இன்னும் மெல்லியது. தேய்ந்த வளையங்களும் இறுகிப்போன சீல்களும் உள்ள பழைய பெட்டியில் மெல்லிய எண்ணெய் கசிவதற்கு வழி தேடும். நான் அதை ஊற்ற மாட்டேன்.

எண்ணெய் மாற்றும்போது அடிப்பானை மட்டும் இறக்கினால் பாதிகூட வெளியே வராது. மிச்சம், எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிப் புதிய எண்ணெயோடு கலந்துவிடும். நல்லவேளையாக அந்தக் காலத்து ஃபோர்டு கன்வெர்ட்டரில் வடிகால் திருகு உண்டு. முன்மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் திருகைக் கீழே கொண்டுவந்து, அதையும் வடித்துவிடுங்கள். பிறகு ஐந்து குவார்ட் (சுமார் 4.7 லிட்டர்) அளவு ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, மீதியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில், நன்றாகச் சூடேறி, பார்க் நிலையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அளவு திரும்பத் திரும்பக் குறைந்து, எங்கும் கசிவு தெரியாமல், புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் வகையைச் சந்தேகிக்காதீர்கள். எஞ்சினின் வெற்றிட இழுப்பை வைத்துப் பெட்டியின் எண்ணெய் அழுத்தத்தைச் சரிசெய்யும் வேக்குவம் மாடுலேட்டர் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும்; அதன் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால், மாடுலேட்டரின் சவ்வு கிழிந்து எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது.